எண்ணூர்த் தம்பிக்கு: ரகசிய விஷவாயுச் சோதனைகளில் எது நடந்தது, எது வதந்தி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா வாடையில் உங்கள் பாட்டி மூச்சுத் திணறி விழுந்திருக்கிறார். உங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் ஒருவர், "இது விபத்தே இல்லை, அரசாங்கம் ரகசியமாகச் செய்த ஆயுதச் சோதனை" என்று எழுதியிருக்கிறார். எந்த அரசாவது தன் மக்கள் மேலேயே இப்படிச் செய்ததுண்டா, இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது வரலாற்றுக் கேள்வி. ஆனால் அந்தக் குழுக்காரரை நம்பலாமா, பாட்டிக்கு நடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக. அரசாங்கங்கள் செய்திருக்கின்றன. எதிரி நாட்டுக் கைதிகள் மீதும், சொந்தப் படைவீரர்கள் மீதும், எதுவும் அறியாத ஊர் மக்கள் மீதும் செய்திருக்கின்றன. அதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. உங்கள் பாட்டியின் இரவு அந்தக் கணக்கில் வராது. இரண்டையும் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

நான் வரலாற்றாசிரியன் இல்லை. மணலியில் ரசாயனத் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பிரிவில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குளோரின், அம்மோனியா இரண்டும் எனக்குத் தினப்படி பழக்கம். வாயு எப்படி நடந்துகொள்ளும் என்பது நேரில் பார்த்துத் தெரிந்தது. ராணுவ ஆய்வுகளின் கதை, பின்னாளில் வெளியான கோப்புகளையும் விசாரணை அறிக்கைகளையும் படித்துத் தெரிந்தது. கிருமிகள் விஷயத்தில் எனக்குப் படிப்பறிவு மட்டும்தான்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் குளோரின் அடைத்த பெரிய உருளை (டன்னர்) ஒன்றின் வால்வு இணைப்பில் கசிவு. அம்மோனியாவில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி வால்வுப் பக்கம் கொண்டுபோனால், கசியும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். அப்படித்தான் தேடினோம். முகமூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு மூச்சு உள்ளே போய்விட்டது. நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைப்பது போல மூன்று நாள் இருந்தது, படுக்க முடியவில்லை. உள்ளே போனது இரண்டே மூச்சு. 1915 ஏப்ரல் 22 மாலை பெல்ஜியத்தின் ஈப்ரே ஊருக்கு அருகே ஜெர்மன் படை, சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாகப் புதைத்து வைத்த ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் திறந்து 150 டன்னுக்கு மேல் குளோரினைக் காற்றில் விட்டது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று நாள்தான் ஞாபகம் வரும். நான்கு நாள் கழித்து அதே களத்தில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷனை இறக்கினார்கள். அவர்களும் வாயுவில் சிக்கினார்கள். ஜமேதார் மீர் தஸ்த் என்பவர், அதிகாரிகள் விழுந்த பிறகு மிஞ்சிய ஆட்களைத் திரட்டிக் காப்பாற்றியதற்காக, பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார்.

அந்தத் தாக்குதலை முன்னின்று நடத்தியவர் ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றிலிருக்கும் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். நம் ஊர் உர ஆலைக்குக் கப்பலில் வந்து இறங்குகிற அம்மோனியா அந்த வழியில் பிறந்தது. அதற்காக அவருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தத் துறையின் வரலாறு நெடுக இந்தப் பின்னல் வரும். நரம்பைத் தாக்கும் முதல் வாயுவான டாபுனை 1936இல் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ஜெர்மானியர் பூச்சிமருந்து தேடும்போதுதான் கண்டுபிடித்தார். இரண்டு வருடத்தில் சரின் வந்தது. வி.எக்ஸ். என்ற மிகக் கொடியதும் 1950களில் பிரிட்டனில் பூச்சிமருந்து ஆய்விலிருந்து கிளைத்ததுதான். அதனால் "விஷம் செய்யும் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கிறது, ஆகவே ஆயுதம் செய்கிறார்கள்" என்ற பேச்சு எந்த ஊரிலும் எளிதாகக் கிளம்பும். பொருள் ஒன்றாக இருப்பது சான்று ஆகாது.

இனி, உறுதியாகத் தெரிந்தவை. நம்மை நேராகத் தொடுவது ராவல்பிண்டி. பிரிட்டனின் ரசாயன ஆயுத ஆய்வுக்கூடம் போர்ட்டன் டவுன், 1916இல் தொடங்கியது. அதன் விஞ்ஞானிகள் 1930களில் அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டிக்கு வந்து, பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்கள் மீது கடுகு வாயுவைச் சோதித்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் நடந்தது. பல நூறு இந்தியர்கள் அதற்கு ஆளானார்கள். அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையும் மட்டும் போட்டுக்கொண்டு வாயு அறைக்குள் நின்றவர்கள் உண்டு. கடுகு வாயு உடனே எரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் தோல் கொப்புளிக்கும், கண் வீங்கும். வெள்ளையர் தோலைவிட இந்தியர் தோல் அதிகம் வெந்துபோகிறதா என்பது அவர்கள் அறிய விரும்பியவற்றில் ஒன்று. பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். இது வெளியே தெரிந்தது 2007இல், லண்டன் ஆவணக் காப்பகத்துக் கோப்புகளைப் பத்திரிகையாளர்கள் தோண்டியபோது. அந்தச் சிப்பாய்களின் பேரன்களுக்கு, தாத்தா கையிலிருந்த தழும்பு எதனால் வந்தது என்று தெரியாமலே போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இதே போர்ட்டன் டவுன் தன் நாட்டு இளைஞர்களையும் விடவில்லை. ரொனால்ட் மேடிசன் விமானப்படையில் இருந்த 20 வயதுப் பையன். 1953 மே 6ஆம் தேதி கையில் துணி சுற்றி அதன் மேல் 200 மில்லிகிராம் சரின் சொட்டுகளை விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இறந்துபோனான். அப்போது மரண விசாரணையை மூடிய கதவுக்குள் நடத்தி, தற்செயலான சாவு என்று முடித்தார்கள். 2004இல் திரும்ப விசாரித்த நடுவர் குழு, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டான் என்று தீர்ப்பளித்தது. இடையில் 51 வருடம். சளிக்கு மருந்து தேடும் ஆய்வு என்று நம்பித்தான் உள்ளே போனோம் என்று அங்கே போய்வந்த பலர் பின்னாளில் சொன்னார்கள்.

மஞ்சூரியாவில் ஹார்பின் நகருக்கு அருகே பிங்ஃபாங் என்ற இடத்தில் ஜப்பானின் 731ஆம் பிரிவு செய்தது இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. ஷிரோ இஷீ என்ற ராணுவ மருத்துவர் தலைமையில் பிளேக், காலரா, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமிகளை உயிருள்ள கைதிகளுக்குள் செலுத்தினார்கள்; மயக்க மருந்து இல்லாமல் உடலைத் திறந்து பார்த்தார்கள். கைதிகளை அவர்கள் "மருத்தா" என்று அழைத்தார்கள், மரக்கட்டை என்று அர்த்தம். அந்த வளாகத்துக்குள் மட்டும் குறைந்தது 3,000 பேர் செத்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெளியே சீனக் கிராமங்களில் பரப்பிய நோய்களால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய வேறுபாடு உண்டு. போர் முடிந்ததும் அமெரிக்கா, ஆய்வு முடிவுகளை வாங்கிக்கொண்டு இஷீயையும் அவர் ஆட்களையும் வழக்கிலிருந்து விட்டுவிட்டது. 1949 டிசம்பரில் சோவியத் நாடு கபரோவ்ஸ்க் நகரில் 12 ஜப்பானியர்களை விசாரித்துத் தண்டித்தபோது, அது வெறும் பிரச்சாரம் என்று மேற்கில் ஒதுக்கித் தள்ளினார்கள். அந்த விசாரணையில் வந்தவற்றில் பெரும்பகுதி உண்மை என்று பிறகு உறுதியானது.

ஊர் மக்கள் மீது சொல்லாமல் செய்ததற்கு சான் பிரான்சிஸ்கோ சான்று. 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று கரைக்கு அப்பால் நின்றபடி, செராட்டியா என்ற பாக்டீரியாவைப் பனிப்புகை போலத் தெளித்தது. நகரத்துக்குள் 43 இடங்களில் காற்றை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். தீங்கில்லாத கிருமி என்று நம்பியதால் செய்தோம் என்றார்கள். அடுத்த சில வாரங்களில் அங்கே ஒரு மருத்துவமனையில் 11 பேருக்கு அந்தக் கிருமித் தொற்று வந்து, ஒருவர் இறந்தார். தெளித்தது உறுதி. அந்தச் சாவுக்குத் தெளித்ததுதான் காரணமா என்பது இன்றுவரை தீராத கேள்வி; குடும்பத்தார் போட்ட வழக்கும் தோற்றது. 1966இல் நியூயார்க் சுரங்க ரயிலில் வேறொரு பாக்டீரியாவை மின்விளக்குக் குமிழ்களில் அடைத்துத் தண்டவாளத்தில் போட்டு உடைத்தார்கள். 1949 முதல் 1969 வரை இப்படித் திறந்தவெளியில் 239 சோதனைகள் நடத்தியதாக ராணுவமே 1977இல் செனட் சபையின் முன்னால் ஒப்புக்கொண்டது. அதிபர் நிக்சன் கிருமி ஆயுதங்களைக் கைவிடுவதாக 1969 நவம்பரில் அறிவித்திருந்தார். அப்புறம் 1972இல் கிருமி ஆயுதங்களைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தம் வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சோவியத் நாடு, அதற்குப் பிறகுதான் தன் கிருமி ஆயுதத் திட்டத்தைப் பெரிதாக்கியது. இதில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1979 ஏப்ரலில் அங்கே அடைப்பான் நோயில் குறைந்தது 66 பேர் செத்தார்கள். நம் பக்கம் ஆடுமாடுகளுக்கு வருமே, அந்த அடைப்பான்தான். நோய்வாய்ப்பட்ட மாட்டின் இறைச்சியைத் தின்றதால் வந்தது என்று அரசு சொன்னது. மருத்துவமனைக் குறிப்புகளை உளவுத்துறை அள்ளிக்கொண்டு போனது. ஃபைனா அப்ரமோவா என்ற நோயியல் மருத்துவர் மட்டும், தான் அறுத்துப் பார்த்த உடல்களின் திசுக்களையும் குறிப்புகளையும் ஒளித்து வைத்துக்கொண்டார். இறந்தவர்களின் நுரையீரலைச் சுற்றி நோய் தாக்கியிருந்தது அவற்றில் தெரிந்தது. தின்றதால் வந்திருந்தால் வயிற்றில்தானே தொடங்கியிருக்க வேண்டும்?

1992இல் மேத்யூ மெசெல்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு அங்கே போனது. இவர் முன்பு சோவியத்தின் இறைச்சி விளக்கம் சரியாக இருக்கலாம் என்று பேசி வந்தவர். குழுவில் இருந்தவர்கள் வீடு வீடாகப் போய், கல்லறைகளில் தேதி பார்த்து, ஒவ்வொருவரும் ஏப்ரல் முதல் வாரத்தில் பகலில் எங்கே இருந்தார் என்று விசாரித்து வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். பெரும்பாலான புள்ளிகள் ராணுவ வளாகத்திலிருந்து தெற்கே 4 கிலோமீட்டர் நீளும் ஒரு குறுகிய பட்டையில் விழுந்தன. அதே கோட்டில் இன்னும் தள்ளி, 50 கிலோமீட்டர் வரை உள்ள கிராமங்களில் ஆடுமாடுகள் செத்திருந்தன. பழைய வானிலைப் பதிவைப் பார்த்தால், ஏப்ரல் 2 திங்கட்கிழமை காற்று வடக்கிலிருந்து அந்தக் கோட்டிலேயே அடித்திருக்கிறது. இறைச்சிக் கதை அதோடு முடிந்தது. தன் கருத்தை மாற்றிக்கொண்டு மெசெல்சன் 1994இல் அதை வெளியிட்டார். வடிகட்டி ஒன்றைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்தார்கள் என்று அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறிய கென் அலிபெக் சொல்கிறார்; அது அவர் காதில் விழுந்த செய்தி, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ராணுவக் கூடத்திலிருந்து கசிந்தது என்பதை 1992இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சினே ஒத்துக்கொண்டார். கசிந்த காலத்தில் அந்த வட்டாரத்துக் கட்சித் தலைவராக இருந்தவரும் அவர்தான்.

இந்தியாவைப் பற்றிக் கேட்டீர்கள். 1992 ஆகஸ்டில் இந்தியாவும் பாகிஸ்தானும், ரசாயன ஆயுதங்களைத் தயாரிக்கவும் மாட்டோம், பயன்படுத்தவும் மாட்டோம் என்று சேர்ந்து அறிவித்தன. 1997இல் ரசாயன ஆயுதங்களைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், தன்னிடம் 1,000 டன்னுக்கு மேல் கடுகு வாயு இருப்பதாக இந்தியா கணக்குக் காட்டியது. நாட்டு மக்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர்கள் முன்னிலையில் 2009க்குள் அத்தனையும் அழிக்கப்பட்டது. மறைத்ததும் உண்மை, பிறகு ஒப்பந்தப்படி முழுதாக அழித்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சந்தேகமானவற்றுக்கு வருகிறேன். 1970களில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து, அமெரிக்கப் பணத்தில் கொசு ஆய்வு ஒன்றை நடத்தின. மலேரியா வாட்டும் நாட்டில், இங்கே இல்லாத மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசுவை ஏன் ஆராய்கிறார்கள் என்று 1974இல் பத்திரிகைகள் கேட்டன. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் கேட்டது. நியாயமான கேள்வி. அதே கொசு டெங்குவையும் பரப்பும் என்பதும் நியாயமான பதில். 1975இல் ஆய்வை மூடிவிட்டார்கள். ஆயுத ஆய்வு என்பதற்குச் சான்று எதுவும் வெளிவரவில்லை. கேட்ட நேரத்தில் திறந்து பேசியிருந்தால் சந்தேகம் இவ்வளவு காலம் தங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

பொய் என்று உறுதியானதும் உண்டு. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் செய்தது என்ற கதை 1983 ஜூலையில் டெல்லியின் 'பேட்ரியாட்' நாளிதழில் பெயரில்லாக் கடிதமாக முதலில் வந்தது. சோவியத் உளவுத்துறை கிளப்பிவிட்ட கதை அது; ரஷ்ய உளவுத்துறைத் தலைவரே 1992இல் ஒத்துக்கொண்டார். கொரோனாவைப் பற்றியும் யாராவது கேட்பார்கள் என்பதால் ஒரு வரி: ஆய்வுக்கூடத்தில் தவறி வந்ததா என்பது ஒரு கேள்வி, ஆயுதமாகச் செய்தார்களா என்பது வேறொரு கேள்வி. முதலாவது இன்னும் திறந்தே இருக்கிறது. இரண்டாவதுக்கு, சீனா மேல் பரிவு எதுவும் இல்லாத அமெரிக்க உளவு அமைப்புகளே 2021 அறிக்கையில் இல்லை என்று சொல்லிவிட்டன.

சரி, பெரியகுப்பம். நிரூபணமான சோதனைகளில் எல்லாம் ஒரு பொது அடையாளம் பாருங்கள்: பக்கத்தில் எண்ணுகிறவர்கள் இருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 43 இடத்தில் மாதிரி எடுத்தார்கள். ராவல்பிண்டியில் கொப்புளத்தை அளந்து எழுதினார்கள். அளக்காமல் ஒரு சோதனை செய்து யாருக்கும் பயன் இல்லை. நம் ஊரில் நடந்தது, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயைக் குளிரூட்டித் தயார்செய்யும்போது ஏற்பட்ட கசிவு. கடலில் குமிழி வந்தது, கரைக்காரர்கள் நேரில் பார்த்தார்கள். முதலில் கண்டுபிடித்தது உங்கள் பாட்டியைப் போன்றவர்களின் மூக்குதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு அளந்தபோது, ஆலை வாசல் பக்கம் ஒரு கனமீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராம் அம்மோனியா என்ற வரம்புக்கு 2,090 இருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு 49 இருந்தது. அம்மோனியாவைப் பற்றி ரகசியமாக அறிய ராணுவத்துக்கு எதுவும் பாக்கியில்லை. நூறு வருடமாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

ஆயுதம் இல்லை என்று நான் சொல்வதால் பாட்டிக்கு நடந்தது சின்ன விஷயம் ஆகிவிடாது. அந்தக் குழுக்காரரின் கதையில் எனக்குள்ள வருத்தமே, அது யாரையும் கேள்வி கேட்க விடாது என்பதுதான். ரகசியச் சோதனை என்று நம்பிவிட்டால் யாரிடம் போய் என்ன கேட்பது? கசிவு என்றால் கேட்கலாம்: குழாயைக் கடைசியாகப் பரிசோதித்த தேதி என்ன, மக்களுக்கு ஏன் சைரன் ஒலிக்கவில்லை, வளாகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கான அவசரத் திட்டம் எங்கே. அந்தத் திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். நீங்களே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாம். நான் முன்னால் சொன்ன குளோரின் கசிவை அன்று பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று மேலே இருந்து சொன்னார்கள். எழுதவில்லை. எனக்கு அப்போது 27 வயது, வீட்டில் கைக்குழந்தை. ஒன்றரை வருடம் கழித்து அதே வகை வால்வில் இன்னொரு பையன் மாட்டினான். பிழைத்தான், ஆனால் மாடிப்படி ஏற முடியாதவனாகப் பிழைத்தான். முதல் கசிவு பதிவேட்டில் இருந்திருந்தால் அந்த வால்வுகளை மாற்றியிருப்பார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டிசம்பரில் நமக்கு வாடைக்காற்று, கடல் பக்கமிருந்து ஊருக்குள் வரும். அன்றிரவு பாட்டி எந்தத் தெருவில், எந்தத் திசை பார்த்த வாசலில் படுத்திருந்தார், முதல் வாடை எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கம் ஓடினீர்கள், எங்கே போனதும் கண்ணெரிச்சல் குறைந்தது என்று அவர் ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். சின்னகுப்பம் ஆட்களிடமும் கேளுங்கள். முப்பது வீடு கிடைத்தால் போதும், நான் வரைபடத்தில் புள்ளி வைத்துத் தருகிறேன்.